எனக்கு சூப் வலிக்கிறது

நிலந்தி மிஸ் வெண்பலகையில் ஒரே ஒரு ரஷ்ய எழுத்தை எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். சின்னப் பானை ஒன்றும், அதன் பக்கத்தில் ஒரு தடியும் நிற்பது போன்ற எழுத்து. அதை 'இ' என்று வாசித்தாலும் பிழை, 'உ' என்று வாசித்தாலும் பிழை. சிரிக்கப் போகிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு, சிரிக்காமல், இரண்டுக்கும் நடுவில் சொல்ல வேண்டும்.

ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னோம். வயிற்றில் குத்து வாங்கியவர்கள் வரிசையில் நின்று முனகுவது போல இருந்தது.

என் பக்கத்தில் இருந்த துளசி மட்டும் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணத்தை ஆசைப்பட்டுப் படித்த ஒரே ஆளாக அவள்தான் இருந்திருக்க வேண்டும். என் காதுக்குள் குனிந்து, "இது எங்கட குற்றியலுகரமப்பா. 'பாட்டு' எண்டு சொல்லு. முன்னால கிடக்கிறதை விழுங்கிப்போட்டுக் கடைசிச் சத்தத்தை மட்டும் வெளிய விடு" என்றாள்.

நான் எழும்பினேன், விழுங்கினேன், விட்டேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. ரஷ்யன் படிக்கத் தொடங்கியதிலிருந்து என்னால் ஒருவர் முகம் மலர்ந்தது அதுவே முதல் தடவை.

அதை அனுபவிப்பதற்குள் மேசை அதிர்ந்தது. என் ஃபோன். அப்பா.

வகுப்பு நேரத்தில் அப்பா எனக்கு ஃபோன் எடுக்கவே மாட்டார். கம்பஸ், எங்கள் பல்கலைக்கழகம், அவருக்குக் கோயில் மாதிரி. உள்ளே பூசை நடக்கும்போது மணி அடிக்கக்கூடாது என்று நினைப்பவர். பயந்துபோய் மிஸ்ஸிடம் கையைக் காட்டிவிட்டு வெளியே ஓடினேன்.

"பாப்பா, ஒரு நிமிசம். இந்தம்மாகிட்ட பேசு. ரஷ்யாக்காரங்க. என்னமோ கேக்குறாங்க, எனக்கு வெளங்கல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் கைமாறிவிட்டது.

ரஷ்யன் எங்கள் வீட்டுக்குள் வந்த வழி

அந்தம்மா என்ன சொன்னார் என்பதற்கு முன்னால், நான் எப்படி ரஷ்யனில் போய் விழுந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் நான் கம்பஸ் வந்து சேர்ந்த கதையை வாசித்த பலர், இத்தனை பாடங்கள் இருக்க இது ஏன் என்று கேட்டிருந்தார்கள். முதலாம் வருடத்தில் நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் அப்பாவின் ஆட்டோ.

நாங்கள் பன்வில பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். அம்மா கொழுந்து எடுத்தவர். நான் பெரிய வகுப்புக்கு வந்த காலத்தில் இரண்டு பேரும் மலையை விட்டு இறங்கிக் குண்டசாலையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அம்மா விடியற்காலையில் இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். அப்பா ஆட்டோ ஓட்டுவார்.

அந்த ஆண்டுகளில் கண்டிப் பக்கம் எங்கே பார்த்தாலும் ரஷ்யர்கள். குளிர்காலத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். மகாவலிக்கரையில் அறை எடுப்பார்கள், சந்தையில் மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்குவார்கள், அப்பாவின் ஆட்டோவில் ஏறுவார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். அவர்களுக்கும் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சமும் இந்தக் கொஞ்சமும் ஒரே சொற்களாக அமைந்ததேயில்லை.

கம்பஸில் ரஷ்யனும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்று நான் தெரியாத்தனமாக வீட்டில் சொன்ன அன்று, அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "இங்கிலீஷ் தெரிஞ்ச புள்ள வீட்டுக்கு வீடு இருக்கு. ரஷ்யன் தெரிஞ்ச புள்ள குண்டசாலையிலயே இல்ல பாப்பா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இல்லாமலிருந்ததற்கும் நல்ல காரணம் இருந்தது என்பதை நான் மூன்றாவது வகுப்பில் கண்டுபிடித்தேன்.

மேசை ஆண், புத்தகம் பெண்

முதல் இரண்டு வகுப்புகளும் தேன். 'எத்தா ஸ்தோல்' என்றால் 'இது மேசை'. அவ்வளவுதான். இங்கிலீஷில் நடுவே ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஆணி அடிப்பது போல அடிப்பார்களே, அது ரஷ்யனில் கிடையாது. நம்மைப் போலவே இது, மேசை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. இது என்ன, தமிழுக்கு ஒன்றுவிட்ட தம்பியா என்று நினைத்தேன்.

மூன்றாவது வகுப்பில் மேசை ஆண் என்றார்கள். புத்தகம் பெண். யன்னல் இரண்டும் இல்லை. அலுமாரி ஆண், அதற்குள் இருக்கிற சட்டை பெண். உயர்திணை, அஃறிணை என்று ஒரு கோட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக வாழ்ந்த பரம்பரையில் வந்த எனக்கு, ஒரு கதிரையில் உட்காருமுன் அது ஆணா பெண்ணா என்று யோசிக்கும் நிலை வந்தது.

அதற்குப் பிறகு சொற்கள் வால் முளைத்து ஆடத் தொடங்கின. மேசை என்றால் ஒரு வால், மேசையில் என்றால் இன்னொரு வால், மேசைக்கு என்றால் வேறொன்று. மிஸ் பாதி சிங்களத்திலும் பாதி இங்கிலீஷிலும் விளக்கினார். மிஸ் எங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், ரஷ்யாவில் படித்துவிட்டு வந்தவர், நல்லவர். ஆனால் ரஷ்யனை நான் எட்டுவதற்கு இரண்டு மொழிகளை ஏறி இறங்க வேண்டியிருந்தது. எனக்கு இரண்டிலும் மூச்சு வாங்கும்.

துளசிதான் அதையும் உடைத்தாள். "ஐ, ஆல், கு, இன், அது, கண். வேற்றுமை உருபு. எங்களுக்கு எட்டு, இவைக்கு ஆறுதான். ரெண்டு மிச்சம் எண்டு சந்தோசப்படு" என்றாள்.

நான் சந்தோசப்படவில்லை. பாடத்தை மாற்றிக்கொள்ள இன்னும் சில நாட்கள் இருந்தன. புவியியலில் இடம் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். மலையும் ஆறும் எனக்குப் பழக்கமானவை, அவற்றுக்கு வாலும் இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டுமே பாக்கி.

அந்த நிலையில்தான் அப்பாவின் ஃபோன் வந்தது.

முதல் சூப்

வாய்க்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு வயதான பெண்ணின் குரல். எனக்குத் தெரிந்த ரஷ்யன் முழுவதும் மிஸ்ஸின் தெளிவான குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு வந்தது. இந்தக் குரலில் இடைவெளியே இல்லை. ஆனால் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவையில் அது பிடிபட்டது.

"உ மெனியா பலீத் ஸூப்."

உ மெனியா! அது அந்த வாரத்துப் பாடம். 'என்னிடம்' என்று பொருள். 'எனக்கு' என்றும் கொள்ளலாம். கடைசிச் சொல் சூப். சூப்பும் படித்திருந்தோம், ரஷ்யனிலும் சூப் சூப்தான், ஆண்பால். நடுவில் இருந்த 'பலீத்'தான் தெரியாது. 'எனக்கு ஏதோ சூப்' என்று ஒரு மனுசி திரும்பத் திரும்பச் சொன்னால் நடுவில் என்ன இருக்க முடியும்?

"அப்பா, அவங்களுக்கு சூப் வேணுமாம்" என்றேன்.

அப்பா எதிர்முனையில் யாரிடமோ, "பாத்தீங்களா, ஒரு செக்கன்ல சொல்லிருச்சு" என்று சிங்களத்தில் சொன்னது கேட்டது. ஆட்டோ ஸ்டாண்டிலிருந்துதான் பேசியிருக்கிறார். குண்டசாலை ஆட்டோக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் நான் ரஷ்யன் பேசிவிட்டேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வகுப்புக்குள் போனேன். புவியியல் கொஞ்சம் தூரமாகப் போனது போல இருந்தது.

அங்கே நடந்ததை அப்பா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். அந்தம்மாவின் பெயர் கலீனா பெத்ரோவ்னா. அப்பாவின் ஆட்டோவில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறியிருக்கிறார். தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். தலையைச் சுற்றி ஒரு துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்து, வரிசையில் முதலாவதாக நின்ற ஆட்டோவைப் பிடித்திருக்கிறார்.

அப்பா முதலில் தன் ஃபோனில் மொழிபெயர்க்கும் அப்பை எடுத்து அவர் வாயருகே பிடித்திருக்கிறார். அன்று காலை அந்த வாயிலிருந்து வந்ததை எந்த இயந்திரத்தாலும் விளங்கிக்கொண்டிருக்க முடியாது. அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நல்ல செந்தமிழில், 'என் வெள்ளைக் கழுதை மாலையில் அழுகின்றது' என்றதாம். அதற்குப் பிறகுதான் அப்பா எனக்கு ஃபோன் எடுத்தார். கழுதையோடு ஒப்பிட்டால் என் சூப் எவ்வளவோ மேல்.

கண்டி ரோட்டில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் மிளகு தூக்கலாகக் கோழி சூப் வாங்கி முன்னால் வைத்திருக்கிறார். கலீனா அம்மா அதைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மரியாதைக்கு ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியதாம்.

ஊர் நினைப்பு வந்துவிட்டது போல என்று அப்பா நினைத்தார்.

திரும்பவும் எனக்கு ஃபோன். "பாப்பா, இந்த சூப் இல்லையாம். வேற சூப்பாம்."

பின்னணியில் அதே குரல்: "ஸூப்! ஸூப்!"

எனக்கு விளங்கிவிட்டது. அந்த 'பலீத்' என்பது சூப்பின் வகை. கடைச் சூப் அல்ல, அவர்கள் ஊரில் ஏதோ பலீத் சூப். "வீட்டு சூப்பாத்தான் இருக்கும்பா. காரம் இல்லாம. அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

இரண்டாம் சூப்

வகுப்பு முடிந்ததும் துளசியிடம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றுவிட்டாள்.

"பலீத் எண்டால் என்ன?"

"சூப்ல ஒரு வகை."

"ஆர் சொன்னது?"

"நானே கண்டுபிடிச்சேன்."

"உனக்கென்ன விசரே" என்றாள் துளசி. பைத்தியக்காரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். மிஸ்ஸைத் தேடினோம், கூட்டத்தில் இருந்தார். நான் குண்டசாலை பஸ்ஸில் பாய்ந்து ஏறினேன்.

வீட்டில் கலீனா அம்மா முன் அறைக் கதிரையில் இருந்தார். அவர் முன்னால் ஒரு கோப்பை நிறைய எலும்பு சூப். காரம் இல்லை, மஞ்சள் கொஞ்சம் கூடுதல். அம்மா அடுப்படி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "கல்யாணியம்மா ஒரு வாயும் குடிக்க மாட்டேங்கிறாங்க. ஒப்புக்கலையோ என்னமோ" என்றார். கலீனா என்ற பெயர் எங்கள் வாசற்படியைத் தாண்டும்போதே கல்யாணியாகிவிட்டிருந்தது.

நான் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். வணக்கம் சொன்னேன். என் பெயர் சொன்னேன். இவை இரண்டும் முதல் பாடம், பிழை விட முடியாது. அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அன்று காலை முழுக்கத் தன்னைச் சூப் சூப்பாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மொழிபெயர்ப்பாளர் இதுதானா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகத் துப்பட்டாவை அவிழ்த்தார்.

ஒரு பக்கத்துக் கன்னம் மாம்பழம் போல வீங்கிச் சிவந்திருந்தது. வாயைத் திறந்தார். பின்னால் ஒரு பல்லில் விரலை வைத்தார்.

"ஸூப்" என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

பல்.

ரஷ்யனில் சூப்புக்கு ஒரு 'ச', பல்லுக்கு இன்னொரு 'ச'. பல்லின் 'ச'வில் ஒரு வண்டு ரீங்காரமிடும். தமிழில் அந்த வண்டே கிடையாது. எழுதினாலும் தெரியாது, காதுக்கும் கேட்காது. மிஸ் அதை எத்தனையோ தடவை சொல்லித்தந்திருந்தார். நாங்கள் வண்டு மாதிரிச் சத்தம் போட்டுச் சிரித்ததோடு சரி.

பலீத் என்றால் வலிக்கிறது.

"அப்பா, இவங்களுக்குப் பல்லு வலி. மொகத்தப் பாக்கலையா நீங்க?" என்றேன். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "பாத்தேன் பாப்பா. ரஷ்யாக்காரங்க மொகமே அப்பிடித்தான்னு நெனைச்சேன்" என்றார். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாராம்.

நில்

கண்டி டவுனில் ஒரு பல் கிளினிக். அப்பாவுக்கு ஆட்டோவை நிறுத்த இடம் கிடைக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தார். நானும் கலீனா அம்மாவும் மட்டும் உள்ளே போனோம். டொக்டர் இளைஞர், பொறுமைசாலி. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் பேசினார். பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கிறது, கழுத்துப் பக்கமும் வீக்கம் இறங்கத் தொடங்கியிருக்கிறது, இன்றே மருந்து ஏற்ற வேண்டும், பல்லையும் எடுக்க வேண்டும் என்றார். அதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்.

அவர் என்னைப் பார்த்தார். கலீனா அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த பற்களின் படத்தைப் பார்த்தேன்.

முதல் கேள்வி சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அது சுலபமாகப் போய்விட்டது. 'தியாபெத்' என்று நான் குத்துமதிப்பாகச் சொன்ன சொல்லே ரஷ்யனிலும் இருந்தது. நியெத், இல்லை, என்றார். பிரஷருக்கு, என் கையைச் சுற்றிப் பட்டி கட்டிக் காற்றடிப்பது போல நடித்துக்காட்டினேன். கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.

அடுத்தது மருந்து. பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கச் சொன்னார் டொக்டர். ஒத்துக்கொள்வது என்பதற்கு எந்தப் பாடத்திலும் சொல் இல்லை. எனக்கு ஒழுங்காகத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உன்னிடம் இது இருக்கிறதா. பேனா இருக்கிறதா, புத்தகம் இருக்கிறதா, தம்பி இருக்கிறானா. பிரச்சினை இருக்கிறதா என்ற அர்த்தத்தில், பெனிசிலின் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நியெத்" என்றார் கலீனா அம்மா.

"பிரச்சினை இல்லையாம்" என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுதத் தொடங்கினார். நர்ஸ் அலுமாரியைத் திறந்தார்.

அந்தச் சில விநாடிகளில் என் தலைக்குள் வாக்கியம் திரும்ப ஓடியது. நான் கேட்டது, 'பெனிசிலின் இருக்கிறதா?' அவர் சொன்னது, 'இல்லை.' அவருடைய கைப்பையில் பெனிசிலின் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். யாரிடம்தான் இருக்கும்?

"டொக்டர், பொறுங்க. நான் கேட்டது பிழை" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, எழுதித் தரச் சொல்லுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். கலீனா அம்மா வேகமாக எழுதினார். ரஷ்யக் கையெழுத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அச்செழுத்துத்தான் தெரியும். தாளில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே அலை. ஃபோன் கெமராவைப் பிடித்தேன். அப்பும் அதை ஓர் அலையாகவே பார்த்தது.

அப்போதுதான் மிஸ் ஞாபகம் வந்தார். வகுப்பில் நாங்கள் ஃபோனைத் தொட்டால் ஒரு சொல் சொல்வார். சாப்பிட்டால் அதே சொல். தமிழில் குசுகுசுத்தால் அதே சொல். 'நில்ஸியா.' கூடாது. முதல் பாதியே 'நில்' என்று இருந்ததால் அது மட்டும் எனக்கு மனப்பாடம் செய்யாமலே ஏறிவிட்டது. அதன் எதிர்ச்சொல் 'மோஷ்னா'. கழிவறைக்குப் போவதானால் அதைச் சொல்லித்தான் கையை உயர்த்த வேண்டும். ஆகலாம், கூடும்.

கலீனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெனிசிலின். மோஷ்னா? நில்ஸியா?"

அவர் கண்கள் அகன்றன.

"நில்ஸியா" என்றார். "நில்ஸியா, நில்ஸியா." தன் தொண்டையை இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணை மூடி, தலையைச் சரித்துக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நர்ஸ் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு அலுமாரியை மூடினார்.

டொக்டர் தாளைக் கிழித்துவிட்டு வேறு மருந்து எழுதினார். அதையும் பெயர் சொல்லிக் கேட்டேன். மோஷ்னா என்றார். இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் நான் வாயெடுத்தபோது டொக்டரே, போதும் தங்கச்சி என்று சிங்களத்தில் சொன்னார்.

மருந்து ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், பல்லை எடுத்தார்கள். முழு நேரமும் கலீனா அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பல் வந்த நேரத்தில் எனக்குத்தான் சத்தம் வந்தது.

வெளியே வந்தபோது எங்கள் முன்னால் ஆட்டோ வந்து நின்றது. எத்தனையாவது சுற்று என்று அப்பாவுக்கே தெரியாது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கினார். கலீனா அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சூப் பக்கமே போகவில்லை.

மிஸ்ஸின் சிரிப்பு

அடுத்த வகுப்பில் துளசி என்னை விடவில்லை. எழும்பி எல்லாவற்றையும் சொல்லவைத்தாள். சூப் வந்த இடத்தில் நிலந்தி மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடரச் சொன்னார். பெனிசிலின் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் கிளினிக்கில் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் பலகையில் எழுதினார், எழுதிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

எல்லாம் பிழை. பெனிசிலினைப் பெண்ணாக்கியிருந்தேன், பல்லைப் பன்மையாக்கியிருந்தேன், ஓரிடத்தில் கலீனா அம்மாவிடம் 'நான் எங்கே வலிக்கிறேன்' என்று கேட்டிருந்தேன். ஆனால் அவற்றையெல்லாம் மிஸ் மன்னித்துவிட்டார். மன்னிக்காதது ஒன்று இருந்தது.

ரஷ்யனிலும் நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. முதல் பாடங்களில் வகுப்புத் தோழர்கள் ஒருவரோடொருவர் பேசுவதால் எல்லாம் நீயாக இருக்கும். எனக்கு வந்த அவசரத்தில் வாயில் வந்ததெல்லாம் அதுதான். அறுபது வயதைத் தாண்டிய, அன்றைக்குத்தான் கண்ட ஒரு பெண்மணியை, நீ உட்கார், நீ வாயைத் திற, உன்னிடம் பெனிசிலின் இருக்கிறதா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

போய் மன்னிப்புக் கேள், ஒழுங்கான ரஷ்யனில் கேள் என்றார் மிஸ். அதுதான் எனக்கு அந்த வாரத்து வீட்டுவேலை.

பாடம் மாற்றும் கடைசி நாள் வந்து போனது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. ரஷ்யன்மேல் திடீரென்று காதல் வந்துவிடவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் அப்பா, என் மகள் ரஷ்யன் பேசியே பல்லைப் பிடுங்கிவிட்டாள் என்று எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார். அதோடு, நர்ஸ் அலுமாரியைத் திறந்த சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு விட்டுவிடக்கூடிய விஷயமாக அது அதற்குப் பிறகு தோன்றவில்லை.

தீ அல்ல, தூ அல்ல

ஞாயிற்றுக்கிழமை கலீனா அம்மா தானே வீட்டுக்கு வந்தார். கன்னம் வற்றி, வேறு ஓர் ஆளாக இருந்தார். ரஷ்யாக்காரர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அப்பாவும் அன்றுதான் பார்த்தார். கையில் ஒரு பெட்டி சொக்லேட்.

அம்மா இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு வழக்கம் போல அடுப்படி வாசலில் நின்றார். அம்மா விருந்தாளிகளோடு உட்கார மாட்டார். அதைப் போலவே, யாரையும் நீ என்று சொல்லவும் மாட்டார். என்னைத் தவிர உலகத்தில் அத்தனை பேரும் அம்மாவுக்கு 'வாங்க, போங்க'தான். எங்கள் வீட்டுப் பூனையைக்கூட, "வாங்க, பால் குடிங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மலையில் அம்மா கொழுந்து எடுத்த காலமெல்லாம் அவரை எல்லோரும் நீ என்றுதான் சொன்னார்கள். வேலை வாங்குகிற கங்காணி, கணக்கப்பிள்ளை, அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் உட்பட.

நான் எழும்பி நின்று, பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்பித்தேன். நீங்கள் என்ற சொல்லை எங்கெல்லாம் நுழைக்க முடியுமோ அங்கெல்லாம் நுழைத்து மிஸ் திருத்தித் தந்த பேச்சு. கலீனா அம்மா முழுவதையும் அமைதியாகக் கேட்டார். கடைசிச் சொல்லின் வாலைத் திருத்தினார். பிறகு வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

அவர் சொன்னது குட்டி வாக்கியம், நிதானமாகவும் சொன்னார். பஞ்சு இல்லாத வாயில் அவருடைய ரஷ்யன் மிஸ்ஸின் ரஷ்யனைப் போலவே இருந்தது. தன்னைக் காட்டி, என்னைக் காட்டி, "தவாய் நா தி" என்றார். அந்தத் 'தி' உண்மையில் தியும் அல்ல, தூவும் அல்ல. பானையும் தடியும் சேர்ந்த அந்த எழுத்து வருகிற சொல். நீ.

"என்னா சொல்றாங்க?" என்றார் அம்மா.

"நீங்கன்னு சொல்ல வேணாமாம். நீன்னே கூப்புடுன்னு சொல்றாங்க. சொந்தக்காரங்க மாதிரியாம்."

அம்மா நம்பவில்லை. பெரியவங்களை எப்படி அப்படிச் சொல்வது, நீ பிழையாகக் கேட்டிருப்பாய், போன தடவை சூப் என்று சொன்னவள்தானே என்றார். நான் கலீனா அம்மாவிடம் திரும்பவும் கேட்டேன். அவர் திரும்பவும் சொன்னார். சொல்லிவிட்டு, கையை நீட்டி அம்மாவைக் காட்டினார். அம்மாவும்தான்.

"உங்களையும் சொல்லச் சொல்றாங்கம்மா."

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். பிறகு வந்து, இடியாப்பத் தட்டைக் கலீனா அம்மாவின் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தினார். வாயைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார்.

"சாப்புடு நீ" என்றார்.

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டார். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மா அப்படிச் சிரித்து நாங்கள் இரண்டு பேரும் கேட்டதில்லை.

கலீனா அம்மா என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. வாய்க்குள் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழும்பி, தன் பக்கத்துக் கதிரையை மேசையிலிருந்து இழுத்துப் போட்டு, அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சாப்புது நீ."

அம்மா வெளியே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கதிரையில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டை எடுத்தார்.